வாளியில் ஊறிய பலகை

புதுக் கண்ணாடியில் ஒட்டிய நீலத் தாளை இன்னும் உரிக்கவில்லை. அதன் வழியே காலை வெயில் லோகேஸ்வரியின் கூடத்தில் நீலமாக விழுகிறது. கீழே லிட்டில் இந்தியா கடைகளில் பாட்டு தொடங்கிவிட்டது. ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு. அதை அடைக்க, ஜன்னல்காரர் அலாவுதீன் வெள்ளைப் பசைக் குழாயை, அதைப் பிதுக்கும் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். “எல்லாப் பசையும் ஒன்னுதான் அக்கா. நான் எத்தன வீட்டுக்குப் போட்டிருக்கேன்.” மழைக்கு மழை ஒழுகி சோபாவை நனைத்த பழைய ஜன்னலுக்கும் ஒருவர் இதையேதான் சொன்னார். லோகேஸ்வரி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் பொருள்களைச் சோதித்து, தேறாததைக் கழித்துப் போட்டவள். குளியலறைக்குப் போய், இரண்டு வாரமாக வாளித் தண்ணீரில் ஊறிய பலகையைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அதில் மூன்று பசைக் கோடுகள். பக்கத்தில் மார்க்கரில் எழுதிய எண்கள். “இழுத்துப் பாருங்க தம்பி. போன தடவ நீங்க காட்டின இந்த வெள்ளைப் பசதான் மொத கோடு.” முதல் கோடு மீ நூடுல்ஸ் இழை போல முழுசாகக் கையோடு வருகிறது. இரண்டாவது பொடிப்பொடியாக உதிர்கிறது. மூன்றாவதில் அவர் நகத்தை நுழைக்கிறார், பல்லைக் கடிக்கிறார், சாவியால் நெம்புகிறார். அசைய மாட்டேன் என்கிறது. சோபாவில் கணவர் பிச்சைமுத்து சிரிப்பை அடக்க, அவர் முகத்தை மறைத்த செய்தித்தாள் நடுங்குகிறது. அலாவுதீன் வெள்ளைக் குழாயைக் கழற்றிப் பையில் போடுகிறார். “சரி லா அக்கா, மூணாவதே அடிக்கிறேன்.” பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தணித்து, “சுத்தி வைக்கிற சட்டம்? மரமா, பிளாஸ்டிக்கா?” என்கிறார். லோகேஸ்வரி ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குளியலறைப் பக்கம் நடக்கிறாள். அங்கே இன்னொரு வாளி இருக்கிறது.