கயிற்றுக்காரர் போட்ட விதி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெரிய மனிதரின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், அடுப்பில் பால் வைத்திருந்தாலும் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

"சாவியைக் குடும்மா, மூச்சு முட்டுது" என்றார் பெரியவர்.

"சாவியும் கிடையாது, போனும் கிடையாதுங்க. மூணு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் கதவு திறக்கும்" என்ற அந்தப் பெண், அவர்களின் போன்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு அழுத்தி மூடினாள்.

கடத்தல் இல்லை, பதறாதீர்கள். தேசியப் புகைப்படப் போட்டியின் கடைசிச் சுற்று அது. அவள் போட்டியின் பொறுப்பாளர். பெரியவர் தலைமை நடுவர். கூட இருந்த இரண்டு நடுவர்களில் ஒருவர் பத்திரிகைக்காரர், மற்றவர் கல்லூரி ஆசிரியை. பூட்டு, டப்பா, பெயரை உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டுப் படத்துக்கு எண் மட்டும் கொடுப்பது எல்லாமே பெரியவர் தம் கையால் எழுதிய விதிகள்.

அவரைக் கயிற்றுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு படகுத்துறையில் படகோட்டி வீசிய கயிறு, வானத்தில் வளையமாக நின்ற நொடி. அந்த ஒரு படம்தான் அவருக்குப் பெயரும் நாற்காலியும் வாங்கித் தந்தது. இந்த அறைச் சுவரிலும் அது ஆளுயரத்துக்குத் தொங்கியது.

இந்த வருஷம் பழைய ஃபிலிம் படங்களுக்கென்று புதுப் பிரிவு. அதில் கடைசியாக நின்றது நாற்பத்தோராம் எண். அதே துறை, அதே படகோட்டி. கயிறு தண்ணீரில் விழுந்து நீர் தெறிக்க, வீசிய கை இன்னும் இறங்காமல் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பார்த்ததும் கயிற்றுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அந்தப் படம் எந்த வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்தது என்று அவருக்குத் தெரியும். காலையில் மூக்குக் கண்ணாடியை நீட்டும்போது மனைவி சொன்னது இப்போதுதான் உறைத்தது: "இன்னைக்காவது படத்தை ஓரம் வரைக்கும் பாருங்க."

இது ஜெயித்தால் உறை பிரியும். உறை பிரிந்தால் முப்பத்தைந்து வருஷப் பெயர் காற்றில் போகும்.

"கோவிச்சுக்காதீங்கய்யா, இது உங்க படத்தையே தூக்கிச் சாப்பிட்டுடுச்சு" என்றார் பத்திரிகைக்காரர். "கீழ் மூலையைப் பாருங்க, முகத்துல துண்டைப் போட்டுக்கிட்டு மூட்டை மேல ஒருத்தன் தூங்கறான். கண்ணு முன்னால என்ன நடக்குது, இவனுக்குக் குறட்டை!"

"யாரோ காப்பியடிச்சிருக்காங்க. தள்ளுங்க" என்றார் கயிற்றுக்காரர்.

"எப்படிங்க காப்பி? துறைக் கடிகாரம் ரெண்டு படத்துலயும் ஆறு பத்து காட்டுது" என்றார் ஆசிரியை. "அன்னைக்கு அங்க இருந்த யாரோ எடுத்ததுதான்."

பொறுப்பாளர் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தாள். "தள்ளணும்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணுங்கய்யா. ஏழாவது விதி. நீங்க எழுதினதுதான்."

பேனா மூடியைத் திறந்தார், மூடினார். எழுந்து நடந்தார். பிறவியிலேயே இடது கால் குட்டை. அந்தச் செருப்புக்கு மட்டும் இரண்டு விரல் தடிமனில் அடி. தரையில் டக், டக் என்று அது ஒன்றுதான் பேசியது. ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார். பெயின்ட் அடித்தபோதே ஒட்டிக்கொண்டிருந்தது.

"தலை வலிக்குதும்மா."

"மாத்திரை இருக்குங்கய்யா."

"நெஞ்சு என்னமோ பண்ணுது."

"டாக்டரை உள்ள கூப்பிடலாம். ஒன்பதாவது விதி."

பத்திரிகைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ஆசிரியைதான் இரக்கப்பட்டுக் கேட்டார்: "தெரிஞ்சவங்க படமாய்யா? ஒரு வார்த்தை சொல்லுங்க, நீக்கிடலாம். உங்களுக்கு ஒரு குறையும் வராது."

தப்பிக்க வழி அவ்வளவு சுலபமாகத் திறந்து கிடந்தது. ஆனாலும் காலையில் மனைவி சொன்னது காதை விட்டுப் போகவில்லை; அவர் தலையை இல்லையென்று ஆட்டினார்.

ஒன்றரை மணி நேரம் போனது. தேநீர் ஆடை கட்டியது. கடைசியில், கிணற்றிலிருந்து வாளி ஏறுகிற மாதிரி, மூன்றாவது கையும் மெல்ல உயர்ந்தது.

பொறுப்பாளர் உறையைக் கிழித்துப் பெயரைப் படித்தாள். கண்கள் விரிந்தன. "ஐயா! இது உங்க வீட்டம்மா பேரு!"

அறையே சிரித்தது. "இதுக்கா இந்தப் பாடு? வீட்டுக்குப் பயந்து வாயைத் திறக்கலியா?" என்று பத்திரிகைக்காரர் தொடையில் தட்டினார். "நடுவர் குடும்பம் கலந்துக்கக் கூடாதுங்கறது அம்மாவுக்குத் தெரியாது போல."

"ஆமா, அவளுக்கு என்ன தெரியும்? விதிப்படி நீக்கிடும்மா" என்றார் கயிற்றுக்காரர். அன்றைக்கு முதல் முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

பொறுப்பாளர் கதவைத் திறந்துவிட்டாள். அவர் வாசலைப் பார்த்து நடந்தார். டக், டக்.

படத்தை எடுத்து வைக்கப் போனவளின் கை நின்றது. பூதக்கண்ணாடியை எடுத்தாள். தூங்குகிறவனின் மூட்டைக்குக் கீழே, ஓரத்தோடு ஓரமாக, கழற்றி விட்ட ஒரு ஜோடிச் செருப்பு. இடது செருப்புக்கு மட்டும் இரண்டு விரல் தடிமனில் அடி.

அவள் அவர் காலைப் பார்த்தாள். பிறகு இரண்டு படங்களிலும் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. அவருக்குத்தான் கால் நகரவில்லை.

"ஐயா, நீங்க இங்க தூங்கிட்டிருக்கீங்க. அப்ப சுவத்துல தொங்கறதை எடுத்தது யாரு?"

கண்ணுகளா, உங்கள் வீட்டில் யார் எடுத்த படத்துக்கும் கீழே அவரவர் பெயரே இருக்கட்டும்; எல்லாரும் நிம்மதியாகத் தூங்குங்கள்.