பிறப்புப் பதிவேட்டில் அப்பாவின் பெயர்

ஆவண அறையின் ஒற்றை ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. மூக்கில் கைக்குட்டை கட்டிய எழுத்தர், பிறப்புப் பதிவேட்டின் பொடிந்த தாள்களை ஸ்கேலால் மெல்லத் தூக்கிப் புரட்டுகிறார். எதிரே நிற்பவள் தேடுவது, காதலித்தவரோடு வீட்டைவிட்டுப் போய் நாற்பத்தைந்து வருடமாகத் தகவலே இல்லாத அத்தையை. ஏறி இறங்கிய நான்கு அலுவலகங்களும் கையை விரித்துவிட்டன. இவர் மட்டும் மூன்று நாளாகச் சலிக்காமல் தேடுகிறார்.

“இந்தாம்மா, அத்தை பேரு, சொந்த ஊரு எல்லாம் சரியா இருக்கு. ஆண் குழந்தை.”

குனிந்து படித்தவளின் விரல், குழந்தையின் பெயரில் நின்றுவிடுகிறது. கைபேசியை எடுக்கிறாள்.

“அப்பா, அத்தைக்குப் பையன் பொறந்திருக்கான். உங்க பேரத்தான் வச்சிருக்காங்க.”

மறுமுனையில் அப்பா, அந்தப் பெயரை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்கிறார்.

“அன்னைக்கு அக்காவுக்காக நான் வாயே திறக்கலம்மா. என்னை வெறுத்திருப்பாங்கன்னு நெனச்சுட்டே இருந்தேன்.” குரல் உடைகிறது. “தேடிக் கொடுத்தவரு பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடு.”

எழுத்தர் கைக்குட்டையை இறக்கிவிட்டுக் கைபேசியை வாங்குகிறார். அப்பா நன்றி சொல்லச் சொல்ல, அவருக்கும் கண் கலங்குகிறது.

“இருக்கட்டும் ஐயா. முதல்ல ஒரு பேனா எடுங்க. விலாசமும் இருக்கு.”