பத்தாவது சொல்

‘போரிங்’ என்பதற்கு இணையாகப் பத்து ஆங்கிலச் சொற்கள் எழுதி வரச் சொல்லியிருந்தாள் தாராவியில் டியூஷன் எடுக்கும் ஜெபசெல்வி. ஏழு நோட்டிலும் அதே சொற்கள், அதே வரிசை. அதிலும் ஒன்பதுதான் இருந்தன. யாரோ மென்று துப்பியதை ஏழு தட்டில் பரிமாறியதுபோல் இருந்தது அவளுக்கு.

“சீ! காப்பியடிக்கக்கூட சோம்பேறித்தனமா? எதைப் பார்த்து எழுதுனிய?”

பிரின்சி எழுந்தாள். “எங்க அக்கா நோட்டு மிஸ். அவ உங்ககிட்ட படிச்சப்பவும் இதே கேள்விதானாம். வருஷா வருஷம் இதான் வரும்னு எடுத்து வச்சிருந்தா.”

“எடுட்டி அந்த நோட்ட! உங்கம்மாட்ட காட்டி, இன்னைக்கே உன்னை டியூஷன விட்டு நிறுத்துதேன்.”

பிரின்சி தயங்கித் தயங்கி நீட்டினாள். “பத்தாவத மட்டும் நாங்க யாரும் எழுதல மிஸ்.”

ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. டீடியஸ், டல், மொனாட்டனஸ் என்று இறங்கிய பட்டியலில் பத்தாவதாக, குண்டு குண்டான எழுத்தில், ‘ஜெபசெல்வி மிஸ்’.

அதற்கும் சிவப்பு மையில் ஒரு டிக். கீழே பத்துக்குப் பத்து, ‘வெரி குட்’, அவளுடைய கையெழுத்து.