ஒரே பதில்

"நாளைக்காவது பொண்ணை வகுப்புக்கு அனுப்புங்க. இல்லேன்னா பேரை அடிச்சிடுவாங்க" என்றார் கணக்கு சார். தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க வந்த இடத்தில்தான் இந்தப் பேச்சு.

தையல்காரருக்கு, தான் பாதியில் விட்ட படிப்பை மகளாவது முடிக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசை! மகளோ பத்தாம் வகுப்பை அந்தரத்தில் விட்டுவிட்டு, கடை மூலையில் குனிந்து சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை என்னவோ படுசுத்தம்.

"நான் சொல்லாத நாளில்ல சார். காதுலயே போட்டுக்க மாட்டேங்குறா."

"முன் பெஞ்சுல இருந்தவரைக்கும் நல்லாத்தான் படிச்சா. மளமளன்னு வளர்ந்துட்டாளேன்னு கடைசி பெஞ்சுக்கு மாத்தினோம். என்ன சகவாசமோ, படிப்பு போச்சு! போர்டுல கணக்கைப் போட்டுட்டு எழுப்பிக் கேட்டா, எப்பவும் ஒரே பதில். 'தெரியல சார்!' எனக்குக் கோபம் வராதா?"

"வகுப்புல என் பேரே 'தெரியல'ன்னு ஆயிடுச்சு. அங்கே போய் அசடு வழியறதுக்கு, இங்கே நிம்மதியா இருக்கேன்" என்று முணுமுணுத்தாள் மகள்.

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல!" என்றார் அப்பா.

சார் பெருமூச்சு விட்டபடி கிளம்பினார். போன வேகத்தில் பேன்ட்டை மேஜைமேலேயே மறந்துவிட்டார்.

"அடடா! ஓடு கண்ணு, எதிர்ல பஸ் ஸ்டாப்புல நிக்கிறாரு பாரு. கொடுத்துட்டு, நாளைக்கு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

வாசல்வரை போனவள் அப்படியே திரும்பி வந்தாள்.

"அங்கே சார் இல்லையேப்பா."

தையல்காரர் எட்டிப் பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் சார் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலேன்னா, இப்படியா பொய் சொல்லுவே? அதோ நிக்கிறாரே, தெரியல?"

"சத்தியமா தெரியலப்பா. யாரோ வெள்ளையா நிக்கிறாங்க, அவ்வளவுதான். கடைசி பெஞ்சிலேருந்து போர்டும் இப்படித்தானே இருக்கும்?"

தையல்காரருக்குச் சட்டென்று பொறி தட்டியது. மறுகணம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி, வாயெல்லாம் பல்லாகக் கத்தினார்:

"சார்! எம்பொண்ணுக்குக் கணக்கு தெரியாம இல்ல சார்... போர்டுதான் தெரியல!"