அறுபத்து நாலில் அணையும் பேட்டரி

மாதம்மாவின் மூன்றாவது மெயில் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"அம்மணி, நீங்க சொன்னபடி நூறு வரைக்கும் சார்ஜ் ஏத்தி, தானா அணையற வரைக்கும் ஓட்டி, அஞ்சு மணி நேரம் சும்மா வெச்சு, மறுபடியும் ஏத்தியாச்சு. மூணு தடவை. இன்னும் அறுபத்து நாலு காட்டறப்பவே பொட்டுன்னு போயிருது. நீங்க பேட்டரி விக்கறீங்களா, வேண்டுதலை விக்கறீங்களா?"

அஷ்வினி சுற்றிலும் பார்த்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது. லேப்டாப்புக்கு மாற்று பேட்டரி விற்கும் அந்தக் கம்பெனியின் மைசூரு அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தமிழில் வரும் புகாரை எல்லாம் யோசிக்காமல் அவள் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள்.

இதுவரை மாதம்மாவுக்கு இரண்டு பதில் போயிருந்தது. முதல் பதில், முழுதாக ஏற்றி முழுதாக இறக்கச் சொன்னது. இரண்டாவது பதில், அதையே இன்னும் இரண்டு முறை செய்யச் சொன்னது. இரண்டிலும் "தங்கள் பொறுமைக்கு நன்றி" இருந்தது.

அந்தச் சரக்கில் அளவு காட்டும் சிப்பே கோளாறு. அலுவலகத்துக்கு டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அது தெரியும்.

மூன்றாவது முறையும் வாடிக்கையாளர் முறையிட்டால் புது பேட்டரி கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அஷ்வினி அழுத்தவில்லை.

அன்று மாதக் கடைசி. அவளுடைய ஒப்பந்தமும் அன்றோடு முடிகிறது. கைவசம் இருக்கும் புகார் அத்தனையையும் பேட்டரி மாற்றாமல், நல்ல பெயரோடு முடித்தால் வேலை நிரந்தரம். ஒன்றே ஒன்று மாற்றினாலும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மேலாளர் கிருஷ்ணராஜ் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார்.

பாக்கி இருந்தது மாதம்மா மட்டும்.

கிருஷ்ணராஜ் வந்து அஷ்வினியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அந்தம்மா என்ன எழுதியிருக்கிறார் என்று கன்னடத்தில் கேட்டார். கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கிறார் என்றாள் அஷ்வினி.

பிறகு மூன்றாவது பதிலை எழுதினாள். "மதிப்பிற்குரிய மாதம்மா அவர்களே, திரையில் தெரியும் எண் ஒரு தோராயம் மட்டுமே. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்." எழுதும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு பதில் தனக்கு வந்தால் செருப்பைத் தேடியிருப்பாள்.

அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது மாதம்மாவின் மதிப்பீடு வந்திருந்தது.

ஐந்து நட்சத்திரம்.

கீழே தமிழில் இரண்டு வரி. "இப்பப் புரிஞ்சுது. தப்பு எம்பேர்லதான். பதில் போட்ட பொண்ணு தங்கமான பொண்ணு."

கிருஷ்ணராஜுக்கு நம்ப முடியவில்லை. படித்துச் சொல்லச் சொன்னார். அஷ்வினி கன்னடத்தில் சொன்னாள். 'தங்கமான பொண்ணு' வந்ததும் கூச்சமாகி, சேவை நன்று என்று மாற்றிவிட்டாள். அவர் எல்லோரையும் அழைத்து, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஐந்து நட்சத்திரம் விழுந்த புகாரை மறுபடி திறக்க முடியாது. மாதம்மாவின் புகார் அத்தோடு முடிந்தது.

சாயங்காலம் நிரந்தர வேலைக்கான கடிதம் மெயிலில் வந்தது. விஜயநகர் பஸ்ஸில் நின்றபடியே அதை நாலு முறை படித்தாள். சந்தோஷத்தில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குப் போனதும் ஏற்பு மெயில் அனுப்ப லேப்டாப்பைத் திறந்தாள். அறுபத்து நாலு சதவீதம் காட்டியது. இரண்டு வரி அடிப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த அவள் அம்மா மாதம்மா எட்டிப் பார்த்தாள். கையில் களித் துடுப்பு இருந்தது. பேட்டரிக்குப் பில் அவள் பேரில் வாங்கியதோடு சரி. மெயில் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

"ஊருக்கெல்லாம் நீதான பதில் எழுதறே கண்ணு? நம்முளுதுக்கும் ஒரு புகாரு எழுதிப் போடறது?"

அஷ்வினி சார்ஜர் ஒயரைத் தேடி எடுத்துச் சொருகினாள்.

"போட்டாச்சும்மா. நீ ரொம்பத் திருப்தியா இருக்கேன்னு சொல்லிட்டே."