ஒரு சொட்டு இறங்காது

ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் மரத்துக்குள்ளே போய்விட்டது. நான் அழுத்தக்கூட இல்லை.

கடலோர ஊரான லூனன்பெர்க்கில் வாசலுக்கு மேலே முன்தள்ளி நிற்கும் ஜன்னல் மாடம்தான் வீட்டுக்கு மூக்கு. மர்ரே ஐஸ்னர் வீட்டு மாடத்தைப் போலச் சுருள் சுருளாகச் செதுக்கியது இந்த ஊரில் வேறு கிடையாது. கப்பல் கட்டியவர்கள் செய்த வேலை.

வெள்ளைப் பெயின்டில் ஒரு கீறல் இல்லை. உள்ளேதான் அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்த கதை.

கீழே மர்ரே இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்பத்து மூன்று வயது, தனி ஆள். ஹாலிஃபாக்ஸிலிருந்து மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: வீடு தேறும் என்று தச்சர் சொன்னால் அப்பா இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் பனி விழுவதற்குள் முதியோர் இல்லம்.

அந்தத் தச்சர் நான்.

மாடம் மட்டும் என்றால் புதிதாகச் செதுக்கி மாட்டியிருப்பேன். பின்னாலிருந்த தூணைக் குத்திப் பார்த்தேன். உத்தரத்தைக் குத்திப் பார்த்தேன். எங்கே குத்தினாலும் ஈரமாகப் பிசுபிசுத்தது.

அப்புறம்தான் காரணம் கண்ணில் பட்டது. மாடத்தின் அடிப்பலகையில் அந்தக் கால ஆட்கள் விரற்கடை இடுக்கு விட்டிருப்பார்கள். கடல் பனிமூட்டத்தில் மரம் குடிக்கும் ஈரமெல்லாம் அந்த வழியாகத்தான் வடிய வேண்டும். அதைப் பசை வைத்து அடைத்திருந்தார் மர்ரே. வருடா வருடம், பூச்சின் மேல் பூச்சாக, அவ்வளவு நறுவிசாக. தன் வீட்டைத் தானே அழுகவைத்திருக்கிறார் பாவி மனுஷன்.

"அடியில பாத்தியா ஏர்ல்?" கீழிருந்து பெருமையாகக் கேட்டார். "முப்பது வருஷம், ஒரு மே மாசம் தவறினதில்ல. ஒரு சொட்டு உள்ள இறங்காது. ஹார்டுவேர் கடையில ஒருத்தன்தான் சொல்லிக் குடுத்தான், 'அந்த இடுக்கையும் சேத்து அடைச்சிடுங்க, அப்புறம் கவலையே இல்ல'ன்னு. மூஞ்சி மறந்துபோச்சு. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

ஸ்க்ரூடிரைவரைப் பையில் செருகிக்கொண்டு இறங்கினேன்.

கடைசிப் படியில் நின்றபடியே, வீடு தேறாது என்று சொல்லிவிட்டேன். நான் தரையில் கால் வைக்கும்வரை அவர் ஏணியை விடவில்லை.

அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், எல்லாம் தெரிந்தவன் போல அதை அவருக்குச் சொன்னவன் நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.