தேனம்மையும் பூரணியும்

அவன் எழுந்து நின்றான்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜான்சியும் எழுந்து நின்றாள்.

ஆபீசில் மற்ற ஆறு பேரும் கை தட்டினார்கள். மேலாளர்தான் நிற்கச் சொன்னார். இந்த மாதப் பரிசு தேனம்மைக்கும் பூரணிக்கும், அந்த இரண்டு பேரும் யார் என்று கேட்டார்.

தேனம்மை அவன்.

பூரணி ஜான்சி.

கை தட்டல் நின்ற பிறகும் இருவரும் உட்காரவில்லை. உட்கார மறந்துபோனது.

ஒரு மசாலா கம்பெனிக்காக அவர்கள் முகநூலில் ஒரு சமையல் குழு நடத்துகிறார்கள். ஆட்கள் சேரும்வரை கலகலப்பு வேண்டாமா? ஆளுக்கு நான்கு பெண் பெயர்களில் போலிக் கணக்குகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். யாருக்கு என்ன பெயர் என்று ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. தெரிந்தால் பேச்சில் நாடகத்தனம் வந்துவிடுமாம். மூன்று பேச்சுக்கு ஒருமுறை கம்பெனிப் பொடியைப் புகழ வேண்டும். அது மட்டும் கண்டிப்பு.

பூரணி ஒருமுறைகூடப் பொடியைப் புகழ்ந்ததில்லை.

அதனால்தான் அவளை நிஜ மனுஷி என்று நம்பினான். அவளிடம் பேசும்போது தேனம்மைக்கும் பொடி ஞாபகம் வந்ததில்லை. ஊரையே நம்பவைக்கிற இரண்டு கெட்டிக்காரர்களும் ஏமாந்த இடம் அதுதான்.

முதலில் கேட்டது அவன்.

ஒரு ஆளுக்கு ரசம் வைக்க எவ்வளவு புளி?

கொட்டைப்பாக்கு அளவு என்று பதில் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. “தனியாவா இருக்கீங்க அக்கா?”

அந்த வரியை அவன் பல தடவை படித்தான்.

ஆபீசில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள். அம்மா என்றான். அம்மா இறந்து அப்போது ஒரு மாதம். வாய்க்கு அந்தப் பதில்தான் பழகியிருந்தது. பிறகு திருத்த நேரம் வாய்க்கவில்லை. மதியம் டப்பாவைத் திறந்தால், அம்மா சமையலா என்று பக்கத்திலிருந்து கேட்பார்கள்.

ஆமாம் என்பான்.

தேனம்மை பொய் சொல்லவில்லை. “எங்கம்மா போயி நாலு மாசம். இன்னும் ரெண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன்” என்று எழுதினாள்.

பூரணியும் மறைக்கவில்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டில். அவர் போன் செய்து ஏழு மாதம். அக்கம்பக்கத்தில் கேட்டால் தினமும் பேசுகிறார் என்று சொல்லிவிடுவாளாம். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறதாம்.

காலை பதினொரு மணிக்கு அவளிடமிருந்து ஒரு பதில். மாலை நாலு மணிக்கு ஒன்று. இரண்டு மாதமாக அந்த இரண்டு நேரங்களுக்காகத்தான் அவன் ஆபீசுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்காமல் போயின. பூரணியின் ஊர் சாத்தூர். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயர் போட்ட பஸ்ஸைக் கண்டால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

அவன் மேசைக்கும் ஜான்சி மேசைக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்பு.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தம் அவனுக்கு எரிச்சலாக இருக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பூரணியின் பதிலுக்குக் காத்திருப்பான்.

இப்போது எல்லாம் சுவர்த் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. புளி. அம்மா. உலை. ஏழு மாதம்.

மேலாளர் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார்.

“இருநூத்திப் பதினாலு பதில்! படிச்சிட்டு அழுதுட்டேன்னு கம்பெனி மொதலாளியம்மா போன்ல சொல்றாங்க. கற்பனைன்னா இது. டீம் ஒர்க்னா இது. கத்துக்கங்கப்பா.”

திரும்பவும் கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் டீ பிளாஸ்க்கைச் சுற்றி நின்றார்கள். ஜான்சி அவன் பக்கத்தில் வந்தாள். கப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அம்மா விஷயம்...” என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் பேச்சு நின்று எல்லாரும் திரும்பினார்கள்.

இல்லாத அம்மாவின் சமையலை ஐந்து மாதமாக அந்த ஆறு பேருக்கும் அவன் ஊட்டிவிட்டிருக்கிறான்.

“சும்மா கதைதான் மேடம்” என்றான்.

அவள் தலையாட்டினாள். அவள் நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவனால் யாரிடமும் சொல்ல முடியாது.

டிசைன் பார்க்கும் கவியரசன் விளையாட்டாக ஆரம்பித்தான்.

“அப்ப நீங்க சொல்லுங்க மேடம். தோஹாவுல இருந்து அண்ணன் பேசி நெசமாவே ஏழு மாசம் ஆச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஜான்சியும் சிரித்தாள்.

“அதுவும் கதைதான்” என்றாள். “நேத்துகூட அவரு...”

டீயை ஒரு வாய் குடித்தாள். சூடு என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கவியரசன் அவளையே பார்த்தான்.

“நேத்து ஒரு மணி நேரம் பேசுனாராம்ல” என்றான் அவள் பக்கத்தில் நின்ற அவன், எல்லாருக்கும் கேட்கும்படி. “காலையிலயே எங்கிட்டச் சொன்னாங்களே.”

கவியரசன் சரி சரி என்று பிஸ்கட்டை எடுக்கப் போனான். பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

அன்று காலையில் அவனும் ஜான்சியும் ஒரு வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.